ஆறு மாதத்துக்கு முந்திய அளவு

ஆர்டர் கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டு அப்பா ஆகிறவர்கள் எங்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டும்தான். பதினெட்டு வயது நிரம்பாமல் ஏதோ ஒரு வழக்கில் மாட்டிக்கொண்ட பையன்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடத்துக்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். ஊரில் இன்னும் சீர்திருத்தப் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். காரைக்குடிக்கு வெளியே அப்படி ஒன்றில் எனக்கு உத்தியோகம். பதவியின் பெயர் ‘ஹவுஸ் ஃபாதர்’. காலையில் எழுப்புவது, குளிக்க விரட்டுவது, சாப்பிட வைப்பது, சண்டை விலக்குவது, படுக்கப் போகச் சொல்வது. இதே வேலையை என் வீட்டில் என் மனைவி ஆர்டரும் சம்பளமும் இல்லாமல் செய்துவருகிறாள்.

பிள்ளை வைத்திருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை வளர்ப்பதற்குள்ளேயே முழி பிதுங்குகிறது. எனக்கு அங்கே இருபத்திரண்டு. பையன்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் என்ன வழக்கில் வந்தான் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் நடந்தபடியே.

புதுப்பிக்கிற அப்பா

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அழகர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பதினாறு வயது, வாய் ஓயாத பையன். ஹவுஸ் ஃபாதர் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். சொன்னேன். “அப்ப எங்களுக்கு அப்பா மாதிரி. எத்தன வருசத்துக்கு சார்?” என்றான். இது ஒப்பந்த வேலை, வருடா வருடம் மேலே இருப்பவர்கள் பார்த்து, ஒழுங்காகச் செய்திருந்தால் ஆர்டரைப் புதுப்பிப்பார்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது குரலிலும் தெரிந்திருக்கும்.

அவனுக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. தலையை ஆட்டி ஆட்டி யோசித்துவிட்டுச் சொன்னான்: “எல்லா அப்பாவுக்கும் இப்படித்தான் சார் வைக்கணும். எங்கப்பாவ ரெண்டாவது வருசமே நிப்பாட்டியிருப்பாக.”

வீட்டில் பேசுகிற மாதிரி

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் நாள். அம்மாக்கள் வந்தால் அழுதுவிட்டு, கொண்டுவந்ததை ஊட்டிவிட்டுப் போவார்கள். அப்பாக்கள் பாடுதான் திண்டாட்டம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் என்னிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகரின் அப்பா மூன்று பஸ் மாறி வந்தார். உட்கார்ந்ததிலிருந்து வசவுதான். “சைக்கிள் பூட்டுச் சாவிய எங்கடா வச்சுத் தொலைச்ச? ஆட்டுக்குக் கொழை ஒடிக்க ஒரு நாதியில்ல. உருப்படியா ஒரு வேல செஞ்சிருப்பியா நீ?” அரை மணி நேரம் இதே பல்லவி. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போதும்ங்க என்று சொல்ல எழுந்தேன். அழகர் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தான்.

அவர் போனதும், அடுத்த தடவை வந்தால் பக்குவமாகப் பேசச் சொல்கிறேன் என்று அவனைத் தேற்றினேன். பையன் முகமெல்லாம் பல்லாக இருந்தான். “ஐயையோ வேணாம் சார். போன தடவ வந்தப்ப ஏதோ தாசில்தார்ட்டப் பேசுற மாதிரி எங்கிட்டப் பேசுனாரு. இன்னைக்குத்தான் வீட்டுல பேசுற மாதிரி பேசியிருக்காரு.”

மேடம் வைத்த பரீட்சை

பையன்களிடம் மனம்விட்டுப் பேச மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு மேடம் வருவார். ஒரு தடவை எல்லோருக்கும் தாள் கொடுத்து, ‘நான் அப்பாவானால்’ என்று தலைப்பிட்டு எழுதச் சொன்னார். இது விளையாட்டாகப் போகும், ஆளுக்கு ஒரு பைக் படம் வரைந்து கொடுப்பார்கள் என்று நான் நினைத்தேன். முக்கால் மணி நேரம் ஒருத்தன் நிமிரவில்லை. ‘பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் நானே போவேன், குளித்துவிட்டுப் போவேன்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். ‘அடிப்பேன், ஆனால் எதற்கு என்று சொல்லிவிட்டு அடிப்பேன்’ என்று அழகர் எழுதி, பிறகு இரண்டாவது ‘அடிப்பேன்’ மேல் ஒரு கோடு கிழித்திருந்தான். ‘பேர் சொல்லிக் கூப்பிடுவேன்’ என்று மட்டும் ஒரு தாளில் இருந்தது. அதை எழுதியவனை அவன் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

செல்வத்தின் தாள் மட்டும் வெறுமையாக வந்தது. பதினைந்து வயது, சத்தம் இல்லாத பையன். ஏன் எழுதவில்லை என்று மேடம் கேட்டதற்கு, “எங்கப்பாவ நான் பாத்ததே இல்ல மேடம். பாத்திருந்தா இதச் செய்வேன், இதச் செய்யமாட்டேன்னு எழுதலாம்” என்றான். மேடம் அந்த வெறுந்தாளை மற்றவற்றோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் படித்து நான் மெச்சிக்கொண்டிருந்தபோது, இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். “நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன் சார், நீங்க ஏற்கெனவே அப்பாதானே?”

பாண்டியின் பட்டினி

பாண்டிக்குப் பதினேழு. அவன் அக்கா கானாடுகாத்தானில், பெரிய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே அறை துப்புரவு செய்கிறவள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தையின் தகப்பன் பிரசவத்துக்கு முன்பே திருப்பூருக்கு வேலைக்கு என்று போனவன், போனவன்தான். பாண்டி எங்களிடம் வந்தபோது குழந்தைக்கு ஐந்து மாதம். “நான் இங்குட்டு இருக்கிறத அது பாக்க வேணாம், தூக்கிட்டு வராதே” என்று அக்காவிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான். அவளிடம் இருந்தது பட்டன் போன். வாரம் ஒருநாள் பேசும்போது குழந்தை அதில் ஏதாவது உளறும். அதை அவன் எங்கள் எல்லோரிடமும் வந்து ஒப்பிப்பான்.

ஒருநாள் போனை வைத்தவன் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. பதினோராவது மாதம் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்துவிட்டார்களாம். நம் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். இவன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிடுவதாகப் பேச்சு. “அப்பன் மடிதான் அதுக்கு இல்லாமப் போச்சு சார். மாமன் மடியும் இரவல் வாங்கணுமா?” என்றான்.

விசேஷத்துக்கு ஒருநாள் அனுமதி கேட்டு மனுப் போட வழி உண்டு. எங்கள் கண்காணிப்பாளர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். திறந்தவெளிக் கோயில், நூறு பேர் கூட்டம், பையன் ஓடிவிட்டால் யார் பதில் சொல்வது என்று பேனாவை மூடி மூடித் திறந்தார். சமையல் செய்யும் ராக்கம்மா அக்கா, பாண்டி மூன்று வேளையாகத் திருப்பி அனுப்பிய தட்டைச் சொல்ல அங்கே வந்திருந்தார். பேச்சைக் கேட்டுவிட்டு, தட்டை அவர் மேசை மேலேயே வைத்தார். “மடியில புள்ளைய வச்சுக்கிட்டு எவன் சார் ஓடுவான்?”

என்ன சைஸ்?

அனுமதி கிடைத்தது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து மணிவரை, கூட நானும், மஃப்டியில் ஒரு போலீஸ்காரரும். ஆனால் தாய்மாமன் வெறுங்கையோடு போகக்கூடாது. அன்றைக்குப் போடும் புதுத்துணி மாமன் கொண்டுவருவதுதான். நான் கடையில் எடுத்துத் தருகிறேன் என்றேன். பாண்டி கேட்கவில்லை, தையல் வகுப்பில் தானே தைத்துக்கொண்டு போவேன் என்றான். தையல் சொல்லிக்கொடுக்கும் ஜெபமாலை டீச்சர் மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட துணியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். கவுனைப் பாண்டி வெட்டுவது, மிஷினில் ஓட்டுவது செல்வம் என்று முடிவாயிற்று. வகுப்பில் தையல் கோணாமல் ஓடுவது செல்வம் கைக்கு மட்டும்தான்.

அளவில்தான் வந்தது வினை. பாண்டி தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டி, “இம்புட்டுத்தான் டீச்சர் இருப்பா” என்றான். அது ஐந்து மாதத்துக் கணக்கு, இப்போது எழுந்து நிற்கிற வயசு என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். “எம் மருமகள எனக்குத் தெரியாதா?” என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டான். மற்ற பையன்கள் ஆளுக்கு ஓர் அளவு காட்டினார்கள். ஒருவன் காட்டியதைப் பார்த்தால் கன்றுக்குட்டிக்குச் சரியாக இருக்கும். நான் நாட்டாமை செய்யப் போனேன். பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடும்டா, அதெல்லாம் ஓர் அப்பனுக்குத்தான் தெரியும் என்று ஆரம்பித்தேன். உடனே அழகர், “உங்க மகன் சட்ட என்ன சைஸ் சார்?” என்றான். முப்பத்தாறு என்று பட்டென்று சொன்னேன்.

என் மகன் பதினொன்றாவது படிக்கிறான். சொன்ன பெருமையோடு அன்று சாயங்காலமே செக்காலை ரோட்டில் இறங்கி, கட்டம் போட்ட சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போட்டான். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தான். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நாலு விரல் போகும். ஊருக்குத்தான் உபதேசம் என்று மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். பையன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, என் கையில் கொடுத்தான். “இது நான் ஒம்பதாவது படிக்கிறப்ப போட்ட அளவுப்பா.”

ஒத்திகை

குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று பாண்டிக்குப் பயம் வந்துவிட்டது. ஊசி இறங்கும்போது அது தலையைத் திருப்பிவிட்டால்? அதனால் முந்தின நாள் பிற்பகல் ஹாலில் ஒத்திகை. பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அழகர்தான் குழந்தை. ஐந்தரை அடி உயரக் குழந்தை, மடியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தது. செல்வம் ஈர்க்குச்சியோடு காது குத்தும் பத்தராக வந்தான். குழந்தை உதைத்தது, ஊளையிட்டது, பத்தர் மூக்கில் ஒரு குத்து விட்டது. நாலாவது தடவையில் பாண்டி பிடி கண்டுபிடித்தான். ஒரு கை இரண்டு காலையும் சேர்த்து அணைக்க, மற்றக் கை நெற்றியில். “நெத்திய அமுக்காதண்ணே, வலிக்குது, சும்மா வச்சா போதும்” என்று குழந்தையே சொல்லிக்கொடுத்தது.

மறுநாள் எங்களோடு வரவேண்டிய போலீஸ்காரர் நேரம் கேட்டுப் போக வந்தவர், வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கறாரான ஆள் என்று பெயர். என்ன சொல்வாரோ என்று நான் பக்கத்தில் போனேன். “எம் மகளுக்குக் காது குத்துனப்ப என் மச்சினன் ஒத்திகை கித்திகை ஒண்ணும் பாக்கல சார். வலது காதுல குத்தி முடிச்சோம், இடது காதுக்கு அவனக் காணோம்.”

அய்யனார் கோயிலில்

கோயில் கானாடுகாத்தானைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில். வேனிலிருந்து இறங்கியதும் கூட்டம் எங்களைத்தான் பார்த்தது. போலீஸ்காரர் மஃப்டியில்தான் இருந்தார், ஆனால் அந்தக் கிராப்பை வைத்தே ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாண்டி யாரையும் பார்க்கவில்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை, அவன் அக்கா சேலையைப் பிடித்துக்கொண்டு தன் காலில் நின்றுகொண்டிருந்தது. அவன் கை தானாக முழங்கைக்குப் போயிற்று. இரண்டடி தள்ளியே நின்றுவிட்டான். குழந்தை அவனை ஏறிட்டுப் பார்த்தது, வேற்றாள் என்று வீறிட்டது, அம்மா காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஆறு மாதமாக இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்த பையன்.

கொண்டுவந்த சீர்த்தட்டிலிருந்து கவுனை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். தலைக்குள் போயிற்று, நெஞ்சுக்கு மேல் இறங்கவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள், குழந்தை இன்னும் அலறியது. பங்காளி வீட்டுப் பெண்மணி ஒருவர், “கடையில வாங்குன துணி வீட்டுல இருந்தா அதப் போட்டு விடு ஆத்தா. உள்ள கெடக்குறவனுக்கு அளவு எப்படித் தெரியும்” என்றார். பொய் சொல்லவில்லை, ஆனால் பாண்டியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் காலையில் கேட்டில் செல்வம் என் காதருகே சொன்னது ஞாபகம் வந்தது. “பத்தலைன்னா விலாப் பக்கம் உள்ள இருக்கிற தையலப் பிடிச்சு இழுத்துவிடச் சொல்லுங்க சார். அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாதீக, வருத்தப்படும்.” கிளம்புகிற அவசரத்தில் சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்திருந்தேன்.

கவுனை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பாண்டி சொன்ன அளவில் ஒரு தையல், பார்வைக்கு மிஷின் தையல் போலத் தோன்றும் கைத்தையல், செல்வம் லேசாக ஓட்டியிருந்தான். அதற்கு வெளியே மூன்று விரல் தள்ளி, கெட்டியாக மிஷினில் இன்னொரு தையல். பாண்டி வெட்டிய துணியில் ஏது இத்தனை மிச்சம் என்று பார்த்தால், விலாவில் இரண்டு பக்கமும் அதே துணியில் பட்டை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறான். அடியிலும் ஒரு சாண் உள்ளே மடித்திருந்தது. பாண்டி பார்க்காதபடி அக்காவின் சேலை மறைவில் நூலின் முனையைக் கிளப்பி இழுத்தோம், முழு நீளமும் சரசரவென்று கையோடு வந்தது. கவுன் விரிந்தது. குழந்தைக்குப் போட்டால், அளந்து தைத்த மாதிரி.

பாண்டி உட்கார்ந்தான். ஒரு கை காலை அணைத்தது, மற்றக் கை நெற்றியில் சும்மா இருந்தது. இரண்டு காதும் முடிகிறவரை அந்தக் கை ஆடவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை கிடைத்த இடத்தில், அவன் பெருவிரலில், கடித்துத் தொங்கியது. பிறகு அழுது ஓய்ந்து அதே மடியில் தூங்கிப்போனது. நாலு மணிக்கு அக்கா கையில் கொடுக்கும்வரை அவன் காலை நீட்டவில்லை. போலீஸ்காரர் ஒருதடவை கூட வாட்சைப் பார்க்கவில்லை. வேனில் திரும்பும்போது பெருவிரலில் இரண்டு பல்தடத்தைத் தடவிக்கொண்டே வந்தான். காரைக்குடி கிட்டத்தில் வரும்போதுதான் வாயைத் திறந்தான். “நான் பாக்காட்டியும் வளந்துருக்கா சார்.”

செல்வத்தின் கணக்கு

அன்று இல்லத்தில் பாண்டியின் பெருவிரலைப் பார்க்க வரிசை நின்றது. செல்வம் வரிசையில் இல்லை. தையல் அறையில் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போய் நின்றேன். “எம்புட்டு சார் பிரிச்சீக?” என்று மட்டும் கேட்டான். முழுசும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. டீச்சர் சொல்லியே பாண்டி கேட்கவில்லை, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்ததில்லை என்று வெறுந்தாளைக் கொடுத்தவன், துணியால் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

“எங்கப்பா எங்குட்டோ இருந்து ஒரே ஒரு தடவ எனக்குச் சட்ட அனுப்பிவிட்டாரு சார். நான் அப்ப நாலாப்பு. அது ஒண்ணாப்புப் புள்ள போடுற சட்ட. நல்ல சட்ட சார், ஓரத்துல கொஞ்சம் துணி விட்டுத் தச்சிருந்தா போட்டிருப்பேன்.”

இந்த வருடமும் என் ஆர்டரைப் புதுப்பித்துவிட்டார்கள். என்ன சைஸ் என்று கடைக்காரர் கேட்டால், அரசாங்க முத்திரை பெற்ற இந்த அப்பா இப்போதெல்லாம் முதலில் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அதற்கும் மேலே ஒரு சைஸ் கூட்டித்தான் எடுக்கிறார்.